நேரே வீடு திரும்பியவள்

மாடிப்படி ஏறும்போதே லியோனிலாவுக்கு அந்த வாசனை வந்துவிட்டது. வெயிலில் காய்ந்த ஓலை வாசனை. அதிலும் பழைய பாய் வாசனை இல்லை, புதிதாக முடைந்து முதல் தடவை சந்தைக்கு எடுத்துப் போகிற பையின் வாசனை, கொஞ்சம் பச்சையும் கொஞ்சம் வெல்லமும் கலந்த மாதிரி.

வேறு யாராவது என்றால் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். சான்டா யுலாலியாவில் ஓலைப்பை இல்லாத வீடு ஏது? மீனுக்கு அதுதான், காய்கறிக்கு அதுதான், கோழியை உயிரோடு தூக்கி வரவும் அதுதான். ஆனால் லியோனிலா வீட்டில் மட்டும் ஓலைப்பை கிடையாது. யுத்தத்தில் ஜப்பான்காரன் ஊரை விட்டுப் போனதிலிருந்தே கிடையாது. சந்தைக்குத் துணிப்பை கொண்டு போவாள். பிளாஸ்டிக் கூடை வந்ததும் ஊரில் முதல் ஆளாக வாங்கினாள். "டீச்சருக்கு எப்பவும் ஸ்டைலு ஜாஸ்தி" என்று மீன்காரிகள் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்து வைப்பாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தச் சிரிப்புக்காகவே தன்னைத் திட்டிக்கொள்வாள்.

பக்கத்து வீட்டுக்காரி எதையாவது வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்று சமையலறையில் தேடினாள். அடுப்புக்குக் கீழே, கதவுக்குப் பின்னால், தண்ணீர்ப் பானைக்கு அந்தப் பக்கம். ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குப் பதில் சிப்பித் தகடு பதித்த ஜன்னல் வழியாக மதிய வெளிச்சம் பால் மாதிரி தரையில் கிடந்தது. மாடிக்குக் கீழே படுத்திருக்கும் நாய், அவள் காலடிச் சத்தம் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வருகிற நாய், இன்றைக்கு வரவில்லை. தரைப் பலகை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தாள். நாய் அங்கேதான் இருந்தது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குக் கொஞ்சம் பின்னால் பார்த்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, சாவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று.

அந்த ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சாவு வீட்டிலிருந்து கிளம்பினால் வழியில் எங்காவது ஏறி இறங்க வேண்டும். ரொட்டிக் கடை, காப்பிக் கடை, மாதா கோயில் வாசல், எதுவானாலும் சரி. கொஞ்ச நேரம் உட்கார்ந்து, நாலு பேரோடு பேசி, ஏதாவது வாயில் போட்டுவிட்டுப் போனால், கூடவே வந்தது அந்தக் கூட்டத்தில் திணறி நின்றுவிடும். நேரே வந்தால் நேரே வரும். லியோனிலா பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிக் கொடுப்பவள். ஆனாலும் இத்தனை வயதுக்கு ஒரு தடவைகூட அந்த வழக்கத்தை மீறியதில்லை. இன்றைக்கு மீறியதற்குக் காரணம் படிப்பு இல்லை, வெட்கம்.

இறந்தவர் சபாஸ் கிழவர். அவளுடைய மகள் ரொவேனாவைக் கட்டிக்கொள்ளப் போகிற ரூபெனின் தாத்தா. பெண் பார்த்து, பேசி முடித்து, இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து பன்றி அடித்து விருந்தெல்லாம் நடந்துவிட்டது. துக்கம் வந்ததால் கல்யாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியிருந்தார்கள். ரொவேனா இப்போதே அந்த வீட்டு மருமகள் மாதிரி ஓடியாடி, வருகிறவர்களுக்குக் காப்பியும் வேர்க்கடலையும் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷ முகத்தை லியோனிலாவால் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் சபாஸ் கிழவர் யுத்த காலத்தில் கோயில் முற்றத்திலிருந்து உயிரோடு திரும்பியவர்.

ஜப்பான் ராணுவம் ஊரை விட்டுப் போவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் ஒரு காலையில், ஊர் ஆண்கள் எல்லோரையும் கோயில் முற்றத்தில் வெயிலில் உட்கார வைத்தார்கள். பிறகு ஒருவனைக் கூட்டி வந்தார்கள். அவன் தலையில் தோள் வரைக்கும் ஒரு ஓலைப்பையைக் கவிழ்த்திருந்தான். கண்ணுக்கு நேராக இரண்டு ஓட்டை. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் நின்று, சிலரை நோக்கி விரலை மட்டும் நீட்டினான். நீட்டிய விரலுக்கு எதிரில் இருந்தவர்களை ஆற்றங்கரைக்குக் கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. சபாஸ் அப்போது மீசை முளைக்காத பையன். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு அண்ணன், அந்தப் பக்கம் ஒரு அண்ணன். இரண்டு பேரையும் காட்டிய விரல் நடுவில் இருந்தவரை விட்டுவிட்டது.

அது யார் என்று ஊருக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததை ஊர் சும்மா விடுமா? அவனுக்குப் பைத்தலையன் என்று பேர் வைத்தது. உச்சி வெயிலில் முற்றம் காலியாக இருக்கும்போது மரத்தடியில் நிற்பான் என்றும், யாரைக் காட்டுகிறானோ அந்த வீட்டில் அந்த வருஷம் ஒரு சாவு என்றும் சொல்லிக்கொண்டார்கள். திருவிழாவில் வயசுப் பையன்கள் தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு பெண்களைத் துரத்துவார்கள், ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். லியோனிலா அந்த நேரம் பார்த்துத் தலைவலி என்று வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அவளுக்குத் தெரியும். அன்றைக்கு விடிகாலையில் அவள் தூக்கக் கலக்கத்தோடு சமையலறைக்கு வந்தபோது, அம்மா சந்தைப் பையை மடியில் வைத்துக்கொண்டு கத்தரிக்கோலால் ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். அளவு பார்க்க அப்பாவின் முகத்தில் வைத்துப் பார்த்தாள், திரும்ப எடுத்து இன்னும் கொஞ்சம் வெட்டினாள். சட்டைக்குக் கை வைக்கிற மாதிரி அவ்வளவு கவனமாக. அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "கீழ போய் விளையாடுடி" என்றாள் அம்மா. அவ்வளவுதான். வீட்டில் அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு பேச்சும் வரவில்லை.

அப்பா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார். கோயிலில் ஆர்மோனியம் வாசித்தார். அவர் செத்தபோது ஊரே திரண்டு வந்தது, சபாஸ் கிழவரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்தார். லியோனிலா அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அதை நினைத்தால் இப்போதும் அவள் காது மடல் எரியும். ஆற்றங்கரையில் செத்தவர்களை நினைத்து அவள் ஒரு நாளும் அழுததில்லை, யாருக்காவது தெரிந்திருக்குமோ என்ற நினைப்பிலேயே காலம் போய்விட்டது. அப்பா செய்ததைவிட இதுதான் அவளுக்கு அதிக அவமானமாக இருந்தது.

இன்றைக்கு மதியம், ராத்திரி பிணத்துக்குக் காவலாக முழித்திருந்து சீட்டாடுகிற கும்பல் வருவதற்கு முன்னால் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சம்பந்தியம்மா பூரிங் உட்கார்ந்திருந்தாள், சபாஸின் மூத்த மகள், கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவள்.

"பாத்தீங்களா சம்பந்தி, இந்த விரலை?" என்று பெட்டியின் கண்ணாடி மூடி மேல் தட்டினாள். கிழவரின் கைகளை நெஞ்சில் சேர்த்து ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. "நூல் போட்டுக் கட்டினோம். ராத்திரியே அறுந்து கிடக்கு. செத்தும் பிடிவாதம் போகல எங்கப்பாவுக்கு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். லியோனிலாவும் சிரித்தாள்.

"கடைசி நாள் என்ன சொன்னார் தெரியுமா? ‘உசிரோட இருக்கறப்ப அந்தப் பைத்தலையன் யாருன்னு கண்டுபிடிக்க முடியல. அங்க போய்க் கண்டுபிடிச்சு நானே கையோட கூட்டிட்டு வரேன்’னாரு. எனக்கு சிலிர்த்துப் போச்சு. என் கையப் பாருங்க."

லியோனிலா இடம் மாறி உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தாலும் விரல் அவளை நோக்கித்தான் இருந்தது. ஜன்னலோரம் போனாள். அங்கும் அப்படித்தான். கண்ணாடியின் வேலையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

பூரிங் இடத்தை விட்டு எழவில்லை. "வாசல் வரைக்கும் வரமாட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. சாவு வீட்டுல வழியனுப்பக் கூடாது. பிடாங் கடையில ஏறிட்டுப் போங்க, மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. தெருமுனை வரைக்கும் அந்த நினைப்போடுதான் வந்தாள். பிடாங் அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள், ரொட்டி சுட்டுச் சுட்டு முகமெல்லாம் சிவந்து போனவள். தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். "டீச்சர், வாங்க வாங்க! இப்பத்தான் அடுப்புலேர்ந்து இறங்குச்சு, உங்களுக்குன்னு நாலு எடுத்து வெச்சிருக்கேன்!"

கடை பெஞ்சில் துக்கத்துக்கு வந்த ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நடுவில் சபாஸின் தம்பி மகன் அமாதோ, ஊர்க் கதை எல்லாம் வாயில் வைத்திருப்பவன். "...பைத்தலையனோடது வயல்ல உழைக்கிறவன் காலே இல்லையாம். செருப்புப் போட்டுப் பழகின, மெத்துமெத்துன்னு இருந்த காலாம். பெரியப்பா தலையைக் குனிஞ்சிருந்ததால கால மட்டும்தான் பார்த்தாராம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

லியோனிலா கையைத் திருப்பி ஆட்டிவிட்டு, வேலை இருக்கிறது என்கிற மாதிரி சைகை காட்டிவிட்டு, நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்போது சமையலறையில் நின்றபோது அந்த நிமிஷம் திரும்பக் கிடைத்தால் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் போல இருந்தது. வாசனை அதிகமாகியிருந்தது. அதற்குள் ஒரு சத்தமும் இருந்தது. முதலில் பல்லி என்று நினைத்தாள், பிறகு கூரைத் தகரம் வெயிலில் விரிகிற சத்தம் என்று நினைத்தாள். இரண்டும் இல்லை. உலர்ந்த ஓலை லேசாக உப்பி, லேசாக ஒட்டி, மறுபடி உப்பி, மறுபடி ஒட்டுகிற சத்தம். யாரோ அதற்குள்ளே வாயால் மூச்சு விடுகிற மாதிரி.

அவள் நடந்தால் அதுவும் நடந்தது. நின்றால் நின்றது.

அப்பாவின் அறைக்குக் கதவு இல்லை, பூப்போட்ட திரைதான். காற்றே இல்லாத மதியத்தில் திரை அசையாமல் தொங்கியது. அதன் மேல் அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிழல் விழுந்திருந்தது. தோள் இருந்தது. தோளுக்கு மேலே கழுத்து இல்லை. சதுரமாக, அகலமாக ஒன்று இருந்தது. திரைக்குக் கீழே இரண்டு கால்கள். வெறுங்கால்கள், சுத்தமாக நகம் வெட்டிய கால்கள். கடைசி வருஷங்களில் வெந்நீரில் வைத்துத் துடைத்து, அவளே நகம் வெட்டிவிட்ட கால்கள்.

"அப்பா" என்றாள்.

மூச்சு நின்றது. திரையின் ஓரத்தை விலக்கிக்கொண்டு ஒரு கை வந்தது. அதன் மணிக்கட்டை இன்னொரு கை இறுகப் பிடித்திருந்தது. மெலிந்த கை, தோல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. ஆள்காட்டி விரலில் அறுந்த நூல் தொங்கியது.

லியோனிலா எப்படிப் படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. போக வேண்டிய இடம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பிடாங் கடை. இன்னும் நேரம் போய்விடவில்லை. உட்கார வேண்டும், ரொட்டி சாப்பிட வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும், கூட வந்தது அங்கேயே தங்கிவிடும். தெருவில் வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. ஒருவரும் இல்லை. ஓலை உப்பி ஒட்டுகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது, பின்னால் இல்லை, காதுக்கு மிகப் பக்கத்தில். அவள் குனிந்து நடந்தாள். காலடியில் ஓடி வந்த தன் நிழலைப் பார்த்தாள். நிழலின் தலை சதுரமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கீழே பார்க்கவில்லை.

கடையில் கூட்டம் குறைந்திருந்தது. பெஞ்சில் அமாதோ, அவனுக்குப் பக்கத்தில் ரூபென், கடைசியில் ரொவேனா. ராத்திரி முழித்திருப்பவர்களுக்கு ரொட்டி வாங்க வந்தவர்கள், அடுப்பிலிருந்து அடுத்த தட்டு இறங்கக் காத்திருந்தார்கள்.

"என்னம்மா, செருப்பு எங்க?" என்றாள் ரொவேனா.

"அறுந்து போச்சு."

"உக்காருங்க டீச்சர், ஏன் இப்படி வேர்த்திருக்கு?" பிடாங் தன் முன்துணியாலேயே ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, ஒரு ரொட்டியையும் கையில் வைத்தாள். சூடாக இருந்தது. லியோனிலா கடித்தாள். ஓலையைக் கடித்த மாதிரி இருந்தது. விழுங்கினாள். விழுங்கினால் போதும், கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும்.

அமாதோ இன்னும் அதே கதையில்தான் இருந்தான். "ஆமா டீச்சர், ரொம்ப நாளா கேக்கணும்னு. உங்கப்பா அன்னிக்கு முற்றத்துல எந்தப் பக்கம் உக்காந்திருந்தார்? யாரும் அவரைப் பாத்ததா சொல்லலியே."

ரொவேனா அம்மாவைப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாள், பதிலுக்காக. அந்தப் பார்வையை லியோனிலாவால் தாங்க முடியவில்லை.

"அவருக்குக் காய்ச்சல். வீட்டுல படுத்திருந்தார்."

"காய்ச்சல்காரனையும் இழுத்துட்டு வந்தாங்கன்னு பெரியப்பா சொல்வாரே?"

காதுக்குப் பக்கத்தில் மூச்சு நின்றது. எதற்கோ காத்திருக்கிற மாதிரி. தெரியாது என்று சொன்னால் போதும். நான் சின்னப் பிள்ளை, எனக்கு என்ன ஞாபகம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையைக்கூடச் சொல்லியிருக்கலாம். அது நாக்கு வரைக்கும் வந்தது. வந்ததை ரூபெனின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

"வராதவர் எங்கப்பா மட்டுமா? கோயில் மணியடிச்ச கார்யோ? அவரை அன்னிக்கு யார் பாத்தா?"

சொன்னது தன் குரல்தான். கையும் தன் கைதான். அது மடியிலிருந்து எழுந்து, அடுப்புக்கு முன்னால் தட்டோடு நின்ற பிடாங்கை நோக்கி நீண்டது.

"டீச்சர்?" என்றாள் பிடாங். முதலில் சிரிப்பு மாறவில்லை. பிறகு மாறியது. "எங்கப்பாவையா சொல்றீங்க? எங்கப்பாவையா?"

தட்டு கீழே விழுந்தது. ரொட்டிகள் மண்ணில் உருண்டன. அமாதோ மெதுவாக எழுந்தான், பிடாங்கின் பக்கம் திரும்பினான், அவன் முகம் இறுகிப் போனது. இல்லை என்று கத்த லியோனிலா வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஓலை ஒட்டியது.

இருட்டு. சூடு. தன் மூச்சே தன் முகத்தில் அடித்தது. பச்சை ஓலை வாசனை. கன்னத்தில் கீறியது. கண்ணுக்கு நேராக மட்டும் வெளிச்சம், இரண்டு துண்டு வெளிச்சம். ஒழுங்காக, அளவு பார்த்து வெட்டிய ஓட்டைகள்.

கையை இறக்கப் பார்த்தாள். மணிக்கட்டில் குளிர்ந்த ஒரு பிடி.

"அம்மா," என்றாள் ரொவேனா எங்கிருந்தோ, "அம்மா, தலையில என்னம்மா அது?"

அழத் தோன்றியது. அழுகை உள்ளேயே நின்றது. ஓட்டைகளுக்கு வெளியே பிடாங்கின் முகம் மெல்ல விலகிப் போனது. விரல் நகர்ந்தது. அமாதோவின் முகம். அவன் எழுந்தவன், திரும்ப உட்கார்ந்தான், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான், தலையைக் குனிந்துகொண்டான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. விரல் அங்கே கொஞ்சம் நின்றது. நகர்ந்தது. ரூபென். அவனும் தலை குனிந்திருந்தான்.

பெஞ்சின் கடைசியில் ரொவேனா உட்கார்ந்திருந்தாள், முழங்காலில் கை வைத்துக்கொண்டு, அம்மாவின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு.

விரல் நகர்ந்தது.